பேச்சியம்மாளின் நடையை வரைந்த நாள்

வேலையில் வீணாவதைக் கண்டுபிடித்துக் களைவதுதான் லீன் உற்பத்தி. இதைப் பலகையில் எழுதி நடத்தினால் என் வணிக மேலாண்மை மாணவர்கள் பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள். மீதிப் பேரைப் பார்த்தால் எனக்கே கொட்டாவி வருகிறது. அதனால் போன மாசியில் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்குக் காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறினேன். ஒன்றரை மணி நேரப் பயணம். வழியெல்லாம் பனிமூட்டம், கரிசல் காடு பாதி தெரிந்தது, பாதியை நானே நினைத்துக்கொண்டேன்.

பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோ ஒன்றுக்கு எண்பது ரூபாய், மூன்று பிடித்தோம். விசைத்தறிக்கூடம் எங்கே என்று கேட்டதற்கு டிரைவர், “சத்தம் எங்கன கேக்குதோ அங்கன எறங்கிக்கிடுங்க” என்றார்.

கூடத்தின் உரிமையாளர் முருகேசன் அண்ணாச்சி வாசலிலேயே சொல்லிவிட்டார். பேச்சியம்மாள் இரண்டு தறி ஓட்டுகிறார். குருவிகுளத்தில் அவர் மகள் பள்ளி ஆண்டு விழாவில் நாலு மணிக்கு ஆடுகிறாள். “போன ரெண்டு வருசமும் போவ முடியல. இன்னைக்கும் ரெண்டு சேலை முடிஞ்சாத்தான் விடமுடியும் சார். சாயங்காலம் லாரி வருது.”

உள்ளே தறிச்சத்தத்தில் யார் பேசுவதும் கேட்கவில்லை. பேசியே பிழைப்பவன் நான், கையால் ஜாடை காட்டி வகுப்பெடுத்தேன். பேச்சியம்மாள் நடந்த இடமெல்லாம் பின்னாலேயே போய்த் தரையில் சாக்பீஸால் கோடு இழுத்தாள் கவிதா என்ற மாணவி. அண்ணாச்சி அவள் காதருகே கத்தினார்: “ஏ தங்கச்சி, கோலமா போடுதிய?”

ஒரு மணி நேரத்தில் கோடுகள் அடர்ந்து ஒரு மூலைக்கே ஓடின. சேலைக்குக் குறுக்கே ஓடும் ஊடை நூல் சுற்றிய தார்க்கட்டைகள் அங்கேதான் கூடையில் இருந்தன. நூல் தீரும்போதெல்லாம் அவர் அங்கே நடந்தார். அதுவரை தறி சும்மா நின்றது. கூடையைத் தூக்கிக் காட்டி, எங்கே வைக்கலாம் என்று ஜாடையில் கேட்டேன். இரண்டு தறிக்கும் நடுவே கை காட்டினார். அதன்பின் கூடை காலியாகாமல் மாணவர்கள் நிரப்பினார்கள். பேச்சியம்மாள் நின்ற இடத்தைவிட்டு அதிகம் நகரவில்லை. சிவப்புச் சேலை மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. அந்த இரைச்சலுக்குள் எனக்கு ஏனோ மனம் அமைதியாகி, நின்றபடியே கனவு காண்பதுபோல இருந்தது.

இரண்டரைக்கு இரண்டு சேலையும் இறங்கின. எல்லாரும் வாசலுக்கு வந்ததும் அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார். “நேரம் கெடக்கே சார், இன்னொண்ணு தொடங்கலாமோ?”

எனக்குச் சுருக்கென்றது. நான் நடத்தும் பாடமும் அதைத்தானே சொல்கிறது! பேச்சியம்மாள் அதற்குள் முகம் கழுவியிருந்தார். “அண்ணாச்சி, சொன்ன சொல்லு என்னாச்சு?”

அண்ணாச்சி சிரித்துவிட்டார். “சரி, போ தாயி. பஸ்ஸ விட்டுராத.”

“வாரேன் மக்கா” என்று கவிதாவின் கன்னத்தைத் தட்டிவிட்டு ஓட்டமாக ஓடினார்.

நீங்களும் மாணவர்களை அழைத்துப் போவதானால் ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். காதுக்குப் பஞ்சு அவசியம். உரிமையாளரிடம் மட்டுமல்ல, தறி ஓட்டுபவரிடமும் அனுமதி கேளுங்கள். மதியம் பிரியாணி நூற்றைம்பது ரூபாய்க்குள் முடியும்.

அடுத்த வாரம் அறிக்கைகள் வந்தன. மாதத்துக்கு எத்தனை சேலை கூடும் என்று ஏழு பேர் கணக்குப் போட்டிருந்தார்கள். கணக்கில் பிழையில்லை. கவிதா பேச்சியம்மாளுக்குப் போன் செய்து விழாவைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். ‘பலன்’ என்ற தலைப்பின் கீழ் ஒரே வரிதான் எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன்.

“அவருக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது.”