ஹனீபா நானாவின் பில்டர் பெட்டி

போன கிழமை உடையார்கட்டுச் சந்திக்குக் கிட்ட என்னுடைய லொறி நெல் மூட்டைகளோடு நடு றோட்டில் நின்றுவிட்டது. மிதிக்க மிதிக்க இழுவை இல்லை. இருமல்காரக் கிழவனைப் போல இரண்டு தரம் குலுங்கிவிட்டு ஓய்ந்தது. மெக்கானிக் வந்து டீசல் பில்டரைக் கழற்றிக் கவிழ்த்தார். கறுப்புச் சேறும் தண்ணீரும் கொட்டின.

"அண்ணை, இதைக் கடைசியா எப்ப மாத்தினனீங்கள்?"

நான் காது கேட்காதவன் மாதிரி வேறு பக்கம் பார்த்தேன். மாற்றினால்தானே சொல்வதற்கு! நான் அதைக் கழுவியிருந்தேன். மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, குலுக்கி ஊற்றி, வெயிலில் காயவைத்துத் திரும்பப் பூட்டியிருந்தேன். உள்ளே இருப்பது கடதாசி, கழுவக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் போர் நேரம், பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் லொறி ஓடியவனுக்குப் பில்டரை எறியக் கை வராது. என் மனைவி இதைக் கஞ்சத்தனம் என்கிறாள். அவள் சொல்வதிலும் பாதி சரிதான்.

புதுக்குடியிருப்பில் உதிரிப்பாகக் கடையில் ஒரு இளம் பிள்ளை நின்றாள். பழையதை வாங்கி, இலக்கத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டு மூன்று பில்டர்களை மேசையில் வைத்தாள். ஒன்று கொம்பனிச் சாமான். மற்றது அதைப் பார்த்துச் செய்த மலிவுச் சாமான். மூன்றாவதில், சேர்கிற தண்ணீரைத் திறந்துவிட அடியில் ஒரு திருகாணி இருந்தது. "பழைய லொறிதானே, டாங்கிக்குள்ள தண்ணி நிக்கும். இதை எடுங்கோ" என்றாள். நானோ லேசில் விடுகிற ஆளில்லை. மரையை விரலால் தடவினேன். இறப்பர் வளையத்தை நசித்துப் பார்த்தேன். ஓட்டைக்குள் கண்ணை வைத்துக் கடதாசி மடிப்பைப் பார்த்தேன். கடைசியில் மூக்கிலும் வைத்துவிட்டேன்.

"அங்கிள், மணந்து பாத்தோ பில்டர் எடுக்கிறது?"

அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். ஆனால் மூக்கில் ஏறிய அந்த மணம் என்னை விடவில்லை. புது அட்டை, புது இறப்பர், துளி ஒயில். ஹனீபா நானாவின் பெட்டியைத் திறந்தால் இதே மணம்தான் வரும்.

முஸ்லிம் ஆக்கள் அண்ணனை நானா என்பார்கள், நாங்களும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். தண்ணீரூற்றில் எங்களுக்கு இரண்டு வீட்டு வளவு தள்ளி இருந்தார். கருவாடு ஏற்றி வவுனியாவுக்கு லொறி ஓடுகிறவர். என் அக்காவின் புருஷன், அதாவது அத்தான், வைத்திருந்ததும் அதே இனத்து லொறிதான். ஒன்று படுத்தால் மற்றதில் கழற்றிப் பூட்டி ஓடுவார்கள். நானாவுக்குப் பில்டரில் ஒரு பைத்தியம். கொழும்புக்குப் போனால் மனிசிக்குச் சீலை வாங்க மறந்தாலும் பில்டர் வாங்க மறக்கமாட்டார். "சோத்தில கல்லுக் கிடந்தா நாம துப்புவம். எஞ்சினுக்குத் துப்பத் தெரியாது" என்பார். நான் அப்போது பள்ளிக்கூடச் சோதனை எழுதிவிட்டு, அக்கா வீட்டில் இருந்துகொண்டு அத்தானின் லொறியில் மூட்டை ஏற்றிக்கொண்டு திரிந்தேன். நானாவின் கதை கேட்கவென்றே அந்த வளவுக்குப் போவேன்.

பிறகு அந்த நாட்கள் வந்தன. வடக்கில் இருந்த முஸ்லிம் குடும்பங்கள் எல்லாம் வெளியேற வேண்டும் என்று ஆயுதம் வைத்திருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். நானாவின் லொறி முதலே பறிபோயிற்று. வெளிக்கிடுகிற அன்று காலை, அவர் ஒரு மரப்பெட்டியைத் தோளில் சுமந்து வந்து எங்கள் வாசல் படலையடியில் நின்றார்.

"தம்பி, இதுக்குள்ள புதுப் பில்டர் கிடக்கு. நான் வருமட்டும் வைச்சிருங்கோ. வந்தா லொறி ஓட வேணுமே."

"ஒண்டும் குறையாது நானா" என்று அத்தான் வாங்கினார். அக்கா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றா. நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் போய்விட்டார்.

அந்தப் பெட்டி அக்காவின் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. வெளியே தடை இறுகிக்கொண்டே வந்தது. டீசல் என்ற சொல்லே மறந்துபோகும்போல இருந்தது. மண்ணெண்ணெயில் தேங்காயெண்ணெய் கலந்து ஓடினோம். எங்கள் லொறி போனால் பின்னால் வடை சுடுகிற மணம் வரும், சின்னப் பிள்ளைகள் மணத்துக்கே துரத்திக்கொண்டு ஓடுவார்கள். அந்தக் கலவை பில்டரை இரண்டு ஓட்டத்தில் அடைத்துவிடும். கழுவினோம். கிழிந்ததும் பழைய சாரத் துணியைச் சுற்றிப் பூட்டினோம். அதுவும் சரிவராமல் லொறி வாசலில் படுத்துக்கொண்ட ஒரு நாள், அத்தான் கட்டிலுக்குக் கீழே கையை விட்டார்.

"தொடாதேங்கோ! அந்த மனிசன் வந்து கேட்டா நான் எந்த முகத்தோட நிக்கிறது?" என்று அக்கா கத்தினா.

"வரட்டும். பதில் நான் சொல்லுறன்."

பெட்டியின் ஆணியைக் கழற்றியது நான்தான். அந்தப் பில்டர்களின் புண்ணியத்தில் காய்ச்சல்காரரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம், உண்மை. ஆனால் விறகும் ஏற்றினோம், கூலியும் வாங்கினோம். அந்தக் கூலியில் எனக்கு ஒரு சேர்ட் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு நல்ல வடிவாகத் திரிந்தேன். சண்டை நெருங்கவே, கடைசிப் பில்டரோடு எங்கள் வீட்டுச் சாமானை ஏற்றிக்கொண்டு அக்கராயனுக்கு இடம்பெயர்ந்தோம். வெறும் பெட்டி அங்கே அடுப்புக்குப் போயிற்று.

போர் முடிந்தபின் நானா ஊருக்குத் திரும்பி வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டுக் கனகாலம். பதில் சொல்கிறேன் என்ற அத்தான் காலமாகிவிட்டார். அக்கா மகளோடு வெளிநாட்டில். மிச்சம் நான். என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீரூற்றுப் பக்கம் நெல் ஏற்றப் போனால் நானாவின் வளவைச் சுற்றிக்கொண்டு வேறு ஒழுங்கையால் போனேன். டீசல் வீணாகப் போனாலும் பரவாயில்லை என்று போனேன். எவ்வளவு வெட்கங்கெட்ட சீவியம், பாருங்கள்.

அன்று கடையில் அந்த மணம் மூக்கை விட்டுப் போகாததில், திருகாணிப் பில்டரை எடுத்ததோடு இன்னொன்றும் கேட்டேன். நானாவும் அத்தானும் வைத்திருந்த அந்தப் பழைய லொறிக்குப் போடுகிற, கண்ணாடிக் கிண்ணத்துக்குள் வைக்கிற பில்டர். பிள்ளை மேல்தட்டில் துழாவித் தூசியோடு ஒன்றை எடுத்தாள். "இதைக் கேட்டு ஒருத்தரும் வாறேல்ல அங்கிள். சும்மா கொண்டு போங்கோ." ஒரு காலத்தில் ஊரே தேடிய சாமான், இப்போது சும்மா.

திருகாணிப் பில்டரைப் பூட்டி லொறியைக் கிளப்பியபிறகு, மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு நானாவின் வளவுக்குப் போனேன். தகரக் கொட்டிலின் வாசலில் கதிரை போட்டு இருந்தார். நன்றாக மெலிந்திருந்தார். என்னை அடையாளம் கண்டு, கையைப் பிடித்து இருத்தி, இஞ்சித் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். மகன்மாருக்கு, அன்று வெளியேறிப் போய்த் தங்கிய புத்தளத்தில் வீடு, கடை எல்லாம் வந்துவிட்டதாம். பேரப்பிள்ளைகள் இங்கே வந்தால் ஒரு கிழமைக்குமேல் நிற்கமாட்டார்களாம். லொறி ஓட ஆளில்லை, லொறியும் இல்லை. நான் பில்டரை நீட்டி, பெட்டிக்கு நடந்ததை முழுக்கச் சொன்னேன். கூலியையும் சேர்ட்டையும்கூட ஒளிக்கவில்லை.

அவர் பில்டரை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"பெட்டியை ஆர் நினைச்சது, மகன்? பில்டர் பாவிக்கத்தானே. பெட்டி வெறும் சாட்டுத்தான். உங்கட படலைக்கு வந்து நிண்டா, 'போகாதேங்கோ நானா' எண்டு ஆராவது ஒரு சொல்லுச் சொல்லுவியள் எண்டு நினைச்சன். சொன்னாலும் நிண்டிருக்க ஏலாது, அது எனக்கும் தெரியும். ஆனா ஒருத்தரும் சொல்லேல்லையே."

கோபத்தில் சொல்லவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்று கேட்ட அதே குரலில் சொன்னார்.

இவ்வளவு வருடமும் நான் பில்டருக்காக வெட்கப்பட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். இப்போது அந்த ஒழுங்கையில் நானாவின் கொட்டில் ஒன்றுதான். மற்ற வளவுகளில் அத்திவாரக் கற்களும் பற்றையும். அத்தானின் வீடு நின்ற இடமும் அப்படித்தான். எங்களுக்குப் பயம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆயுதக்காரர் நின்ற றோட்டுக்குக் கேட்க அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அன்று காலை அவர் எங்களுக்கு ஒரு முழத் தூரத்தில்தான் நின்றார். மெல்லமாகச் சொல்லியிருந்தாலே கேட்டிருக்கும்.