வாசலில் கிடந்த ஐஸ் மூட்டை

இது நிஜமாக நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் ஒன்று சொல்கிறேன். மருதமுத்துவுக்குப் பொய் சொல்ல வராது. அந்தச் சாமர்த்தியம் மட்டும் இருந்திருந்தால் துணி வியாபாரத்தில் அவர் எங்கேயோ போயிருப்பார்.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, அடுத்த மார்ச் மாதம். மலாக்காவில் மூன்று வாரமாக மழை இல்லை. தார் உருகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. அந்த வெயிலிலும் மருதமுத்து தன் பழைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளில் துணி மூட்டையோடு தோட்டம் தோட்டமாகச் சுற்றுவார். வெயிலுக்கு அவரிடம் ஒரு வைத்தியம் இருந்தது. துண்டை நனைத்து, பிழியாமல் கழுத்தில் சுற்றிக்கொள்வார். வண்டி ஓட ஓடக் காற்றுப் பட்டுச் சில்லென்று இருக்கும். காய்ந்ததும் மறுபடி நனைப்பார். "குளிச்சிட்டுத் துவட்ட மறந்துட்டியாப்பா?" என்று அவர் குடியிருந்த கஜா பெராங் முழுக்கக் கேலி பண்ணும்.

அந்த வெள்ளிக்கிழமை கேலி கேட்கும் நிலையில் அவர் இல்லை. ஆறு வயது மகள் பாக்கியத்துக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். "நெத்தியில ஐஸ் வைங்க. சூடு இறங்கலன்னா வலிப்பு வந்துடும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூத்த பையனை வலிப்பில்தான் பறிகொடுத்தார்கள். மனைவி சீதா அவர் முகத்தைப் பார்த்தாள். "என்னங்க... சீக்கிரம் போங்க."

பண்டார் ஹிலிரில் முகைதீன் பாயின் ஐஸ் கடை. ஐஸ் வேண்டும் என்று மருதமுத்து காலையிலேயே பாய்க்குச் சொல்லி அனுப்பியிருந்தார். போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றேகால். கடை பூட்டியிருந்தது. பாய் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். வாசலில் ஒரு சாக்கு மூட்டை கிடந்தது. மரத்தூள் ஒட்டியிருந்தது. தொட்டார். ஐஸ்! தனக்காகத்தான் பாய் வெளியே வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தார். மனதுக்குள் அவரை வாழ்த்திக்கொண்டே மூட்டையை எடுத்தார்.

மூட்டையைப் பெட்ரோல் டாங்கின் மேல் வைத்து இறுக்கிக் கட்டினார். ஒரு துண்டு ஐஸை உடைத்துத் துண்டில் சுருட்டிக் கழுத்தில் கட்டிக்கொண்டார். வண்டி கிளம்பியது.

சந்தடியே இல்லாத ரோடு. உச்சி வெயில். கொஞ்ச தூரம் போனதும் வண்டி கனத்தது. பின்பக்கம் ஆள் ஏறினால் அமுங்குமே, அப்படி அமுங்கியது.

முதுகு சில்லென்றது. முதலில் சுகமாகத்தான் இருந்தது. பிறகுதான் உறைத்தது.

ஐஸ் முன்னால் இருக்கிறது. குளிர் பின்னாலிருந்து வருகிறது...

எதிரே திரிஷா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவை மிதித்து வந்த சீனக் கிழவர் சட்டென்று ஓரம் கட்டினார். தொப்பியைக் கழற்றினார். பிணம் போகும்போது திரும்பிக்கொள்வதைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது கேட்டது அந்தச் சத்தம்.

கரக்... கரக்...

காதுக்குப் பக்கத்தில். யாரோ ஐஸைக் கடித்துத் தின்கிற சத்தம்.

மருதமுத்து திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வண்டி விழும். வண்டி விழுந்தால் மகள் போய்விடுவாள். முருகா, முருகா என்று ஆக்ஸிலேட்டரை முறுக்கினார்.

கரக்... கரக்...

வீட்டு வாசலில் சத்தம் நின்றது. கழுத்துத் துண்டைப் பிரித்தார். உள்ளே ஐஸ் இல்லை. துண்டு நனையவே இல்லை.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். நல்லவேளை, அதில் ஐஸ் இருந்தது. சீதா உடைத்து மகள் நெற்றியில் வைத்தாள். அரை மணியில் சூடு இறங்கியது. பாக்கியம் கண்ணை மூடித் தூங்கினாள். மருதமுத்து அழுதேவிட்டார்.

மூன்று மணிக்கு முகைதீன் பாய் சைக்கிளில் வந்தார். பின்னால் ஒரு சாக்கு மூட்டை.

"என்ன தம்பி, ஐஸ் வாங்க வரவே இல்லையே? புள்ளை எப்படி இருக்கு?"

"வாசல்ல வச்சிருந்தீங்களே பாய், அதை எடுத்துட்டு வந்துட்டேன்."

பாயின் முகம் வெளுத்தது.

"அது... சாக்கடையில கொட்ட வச்சிருந்தது தம்பி. உஜோங் பாசிர்ல ஒரு சாவு. பொணத்துக்கு அடியில வச்ச ஐஸ். இன்னைக்குக் காலையில பொணத்தை எடுத்ததும், சாக்கு என்னோடதுன்னு மிச்சத்தோட என் வாசல்ல போட்டுட்டுப் போயிட்டாங்க."

"யாரு பாய் செத்தது?"

"அங்க சேதுபதின்னு ஒருத்தரு, அவரு பொஞ்சாதி. சின்ன வயசு. காய்ச்சல். ஐஸ் குடுங்க, ஐஸ் குடுங்கன்னு முந்தாநாள் ராத்திரி பூரா கத்துனாளாம். அன்னைக்குன்னு பார்த்து ஐஸ் ஃபேக்டரியில மெஷின் பழுது. டவுன்ல ஒரு துண்டு ஐஸ் இல்ல. உசுரு போன பொறவுதான் ஐஸ் வந்துச்சு..."

மருதமுத்து வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சீதா குடத்தோடு குழாயடிக்குப் போயிருந்தாள். வீட்டுக்குள் மகள் மட்டும்தான்.

உள்ளே பாக்கியம் விழித்துவிட்டாள் போலிருக்கிறது. அவள் சிரிப்பது கேட்டது.

"இன்னொரு துண்டு வேணுமா அக்கா?"

கரக்... கரக்...