திட்டத் தெரிந்த சார்ஜண்ட்

லேய்ஸர் ஃபுக்ஸ்மன் செஞ்சேனையில் தொலைபேசிக் கம்பி இழுக்கிற சார்ஜண்ட். போருக்கு முன்னால் பாப்ருய்ஸ்க் நகரத்து மர ஆலையில் கடைசல் வேலை. எதைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேட்காமல் நகர மாட்டான். அதற்காகவே மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

1944 கோடையில் அவனுடைய படை போலந்துக்குள் நுழைந்தது. ஊர் பிடிபட்டதும் மற்றவர்கள் கிணற்றைத் தேடுவார்கள். யூதனான லேய்ஸர் சந்தைப் பக்கம் போய், "அம்ஹோ?" என்று முணுமுணுத்துக்கொண்டே நடப்பான். நம்மவரா என்று அர்த்தம்; நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த யூதர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் அடையாளச் சொல். யூதர் அல்லாதவர் காதில் அது இருமல்தான். பதினோரு ஊர் தாண்டியும் ஒருத்தர் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னடா, இன்னிக்கும் இருமிட்டு வந்தியா?" என்பான் கூட்டாளி குரிலென்கோ. கேலிதான், ஆனால் அன்றைக்குக் கம்பிச் சுருளை அவனே தூக்கிக்கொள்வான்.

பன்னிரண்டாவது ஊரில், படையின் சமையல் வண்டிக்கு உருளைக்கிழங்கு சீவ உள்ளூர்ப் பெண்கள் வந்திருந்தார்கள். லேய்ஸர் இருமிக்கொண்டே கடந்தபோது, கழுத்தில் சிலுவை போட்டிருந்த யானினா என்ற பெண்ணின் கத்தி மட்டும் நின்றது. மற்றவர்கள் தண்ணீர் எடுக்கப் போகும்வரை அவள் நிமிரவில்லை. பிறகு யூதர்கள் வீட்டில் பேசும் இத்திஷ் மொழியில் கேட்டாள்:

"அந்த வார்த்தையை உனக்கு யார் சொன்னா?"

"இன்னொரு சிப்பாய். நானும் யூதன்தான்."

"பொய். யூதன் கையில துப்பாக்கியும் நெஞ்சுல மெடலுமா? நான் பாத்ததே இல்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெழுகுவத்தி ஏத்தி என்ன சொல்லுவாங்க, சொல்லு."

லேய்ஸர் படித்தது மதம் சொல்லித்தராத சோவியத் பள்ளி. "தெரியாது. பிரார்த்தனை ஒண்ணுகூடத் தெரியாது."

"அப்ப என்னதான் தெரியும்?"

"அம்மா திட்டுறது தெரியும்."

"எங்க, திட்டு பாப்போம்."

"உன் ஏழு மகளுக்கும் ஒரே நாள்ல கல்யாணம் ஆகணும், ஏழு சம்பந்தியும் உன் வீட்டுலயே தங்கணும், அன்னிக்குப் பாத்து உன் அடுப்பு புகையணும்!"

"ஏழு சம்பந்தியும் செவிடா இருக்கணும். அதை விட்டுட்டியே!" என்று சிரித்தவள், அந்தச் சிரிப்பை நிறுத்த முடியாமல் அழுதாள். "என் பேரு ஃப்ரேய்டா" என்றாள். காய்ச்சலில் செத்துப்போன யானினா என்ற போலந்துப் பெண்ணின் ஞானஸ்நானச் சான்றிதழைக் காட்டி மூன்று வருஷம் உயிர் பிழைத்திருந்தவள், சொந்தப் பெயரை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னாள்.

அவளுக்கு வீடென்று எதுவும் மிஞ்சவில்லை. படை மருத்துவமனையின் சலவைப் பிரிவில் சேர்ந்து கூடவே வந்தாள். போர் முடிந்ததும் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு பாப்ருய்ஸ்க் போனார்கள். லேய்ஸரின் வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. அம்மாவும் அப்பாவும் ஊருக்கு வெளியே ஒரு குழியில் சுடப்பட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. ஆலை விடுதியில் ஓர் அறை கிடைத்தது.

நாலைந்து வருஷம் போனது. ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் ஆலைக் கிடங்குக்காரன் எல்லாரும் கேட்கச் சொன்னான்: "உங்க ஆளுங்கதான் தாஷ்கண்ட்ல உக்காந்து திராட்சை தின்னுக்கிட்டே சண்டை போட்டீங்களே!"

தாஷ்கண்ட் போர்முனைக்கு வெகுதூரத்தில் இருக்கிற ஊர்; யூதர்கள் அங்கே பதுங்கியிருந்தார்கள் என்பது பழகிப்போன வசை. லேய்ஸரின் படைப்பிரிவில் ஆறு யூதர்கள். உயிரோடு திரும்பியது அவனையும் சேர்த்து இரண்டு பேர். ஆனாலும் குரலை உயர்த்தாமல் கேட்டான்: "தாஷ்கண்ட் எப்படிப்பா இருக்கும்? நான் போனதே இல்ல. நீதானே மூணு வருஷம் அங்க இருந்த?"

மற்றவர்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். கிடங்குக்காரன் அதற்கப்புறம் லேய்ஸரிடம் ஆணி கொடுப்பதற்குக்கூட வாய் திறக்கவில்லை.

சிரித்தவர்களோடு சிரித்துவிட்டு வீடு வந்தவன் வேலைச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. உடனே உட்கார்ந்து, தப்பித் திரும்பிய அந்த இன்னொருவனுக்கு, கோமெல் ஊர் ஸூஸ்மனுக்கு, கடிதம் எழுதினான். பதில் எழுதுவதற்குப் பதிலாக ஸூஸ்மனே ரயிலேறி வந்துவிட்டான். மூன்று நாள் உப்பு மீனும் கறுப்பு ரொட்டியுமாக, செத்த நால்வரைப் பற்றி ஒவ்வொருவராகப் பேசினார்கள். யார் எப்படிப் பாடுவான், யாருக்குக் காதலி இருந்தாள், யார் எந்தப் பாலத்தடியில் விழுந்தான். ஃப்ரேய்டா துணி தைத்தபடி குறுக்கே கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். எந்தப் பாலம் முதலில் தகர்ந்தது என்பதில் மட்டும் லேய்ஸருக்கும் ஸூஸ்மனுக்கும் கடைசிவரை ஒத்துவரவில்லை.