தையலுக்கும் போதனைக்கும் ஒரே எடை

வேலூரில் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நான் படித்து முடித்தபோது என்னை இரண்டாவதாக வைத்தார்கள். இரண்டாமிடம் என்ன கேவலமா என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் உண்டு. கேவலமில்லை. ஆனால் அது என் இடமில்லை.

என் அப்பா ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் குமாஸ்தா. பெண்ணை விடுதியில் சேர்த்ததற்கே உறவில் பாதிப் பேர் அவரோடு பேசுவதை விட்டிருந்தார்கள். "வேலூர்லயே வேலை கெடச்சா போ. வேற எங்கயாவது அனுப்புனாங்கன்னா நான் விடமாட்டேன்" என்று சேர்க்கும்போதே சொல்லியிருந்தார். பயிற்சிப் பள்ளியை ஒட்டி ஒரு மாதிரிப் பள்ளி இருந்தது. முதலாவதாக வருகிறவளுக்கு அங்கே வேலை. எனக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

பாடங்களுக்கெல்லாம் ஒரே மார்க்கு கிடையாது. ஆசிரியர் வேலைக்கான படிப்பாதலால் போதனைப் பயிற்சிக்கு இருநூறு, தமிழுக்கும் கணக்குக்கும் நூறு நூறு, தையலுக்கும் சித்திரத்துக்கும் ஐம்பது ஐம்பது. மொத்தம் ஐந்நூறு. எனக்குப் போதனையில் நூற்றெழுபது, தமிழில் எழுபது, கணக்கில் எண்பது. ஊசியும் தூரிகையும் எனக்கு வணங்காது. அவை இரண்டிலும் இருபத்தைந்து, இருபத்தைந்து. கூட்டினால் முந்நூற்றெழுபது.

முதலாவதாக வந்தவள் என் தோழி. ஆம்பூரில் உருது பேசுகிற வீட்டுப் பெண். அவள் தைத்தால் துணியின் எந்தப் பக்கம் உள்பக்கம் என்று தெரியாது. ஆனால் பிள்ளைகள் முன்னால் நின்றால் அவளுக்குக் குரலே எழும்பாது. போதனையில் இருநூற்றுக்கு நூற்றுப்பத்து. மற்றதெல்லாம் சேர்த்து அவளுக்கு முந்நூற்று இருபத்தைந்துதான்.

எப்படி அவள் முதல்? ஒவ்வொரு பாடத்தையும் நூற்றுக்கு இவ்வளவு என்று மாற்றி, ஐந்தையும் கூட்டி, ஐந்தால் வகுத்திருந்தார்கள். அவளுடைய தையல் தொண்ணூறாகவும் சித்திரம் எண்பதாகவும் வீங்கிவிட்டன. என்னுடையவை ஐம்பது, ஐம்பது. அவளுக்குச் சராசரி எழுபத்தொன்று, எனக்கு அறுபத்தேழு. இருநூறு மார்க்குப் பாடமும் ஐம்பது மார்க்குப் பாடமும் ஒரே எடை என்றால், இருநூறு என்று எதற்காக வைத்தார்கள்?

தோழியிடம் போட்டுக் காட்டினேன். காகிதத்தை வாங்கித் தானும் ஒரு தடவை கூட்டிப் பார்த்தாள்.

"உனக்குத்தான் ஜாஸ்தி. இதுல பேச இன்னா இருக்கு? வா, நானும் வர்றேன்" என்றாள்.

இருவருமாகத் தலைமை ஆசிரியை அறைக்குப் போனோம். அவர் என் கணக்கை வாங்கிப் பார்த்தார். நிதானமாகத்தான் பார்த்தார். தப்பு புரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இங்கே எப்போதும் இப்படித்தான் போடுகிறோம்" என்றார்.

"எப்போதும் போட்டால் சரியாகிவிடுமா, அம்மா?"

"பட்டியல் சென்னைக்குப் போய்விட்டது. மார்க்கைச் சரிபார்ப்பது மாணவிகள் வேலையில்லை."

தோழி தலையைத் தூக்கி, "எனக்கு இந்த எடம் வேணாம்மா. அவளுக்கே குடுங்க" என்றாள். வகுப்பில் எழும்பாத குரல் அன்றைக்கு எழும்பியது.

"வேண்டாமென்றால் விட்டுவிடு. குற்றம் சொல்ல வந்தவளுக்குக் கிடையாது, மூன்றாவதாக வந்தவளுக்குக் கொடுப்போம். பட்டியல் மாறாது."

வெளியே வந்ததும் வேலையை ஏற்றுக்கொள்ளும்படி நானே அவளிடம் சொன்னேன். அவள் விட்டால் எனக்கா வரப்போகிறது?

எனக்கு அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை வந்தது. அப்பா உத்தரவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேனே" என்றார். ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் தையல் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

அந்த வருஷக் கடைசியில் தோழி மாதிரிப் பள்ளியிலிருந்து சேதி அனுப்பினாள். பயிற்சிப் பள்ளியில் கணக்குப் போடும் முறையை மாற்றிவிட்டார்களாம். இனி எல்லா மார்க்கையும் அப்படியே கூட்டி, ஐந்நூற்றுக்கு எவ்வளவு என்று பார்ப்பார்களாம். நான் சொன்ன அதே முறை. ஆனால் முந்தைய வருஷத்துப் பட்டியலுக்கு அது பொருந்தாதாம். தப்பு என்று தெரிந்துதானே மாற்றினார்கள்? தெரிந்த பிறகும் என் இடத்தை மட்டும் ஏன் அப்படியே விட்டார்கள்? இதைக் கேட்டு ஒரு மனு எழுதினேன். பதில் வரவில்லை.

அணைக்கட்டு வேலைக்கு யாரும் போகாமல் அந்த இடம் இன்னும் காலியாகவே இருந்தது. மனுவுக்குப் பதில் இனி வராது என்று தெரிந்தபின் ஒருநாள் சாயங்காலம் அப்பாவிடம், "அணைக்கட்டுக்குப் போறேம்பா. நீங்க விட்டாலும் போவேன், விடாட்டியும் போவேன்" என்றேன். அவர் எழுந்து போய், மடித்து வைத்திருந்த உத்தரவை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார்.

"பஸ்ஸு காலைல தான்" என்றார் பிறகு. "நானே வந்து விட்டுட்டு வர்றேன்."

போனேன். இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே வேலை பார்த்தேன். அந்த ஊர்ப் பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் அதையே காட்டி, எல்லாம் நல்லதுக்குத்தான் என்று யாராவது ஆறுதல் சொன்னால், இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.