பலகாரமில்லாத நத்தார்

சென்ற வருடம் எங்கள் வீட்டு நத்தாரை ஆவிக்குரியதாக்கியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். தெல்லிப்பழையில் மிஷன் காலத்திலிருந்தே கிறிஸ்தவர்களாக இருக்கும் குடும்பம் எங்களுடையது. ஆனால் மார்கழி பிறந்தால் வீட்டில் இயேசுவின் பேச்சைவிட கேக் மாஜரீனைப் பற்றிய பேச்சுத்தான் கூட. கேக்குக்குப் பழம் ஊறவைத்தாயிற்றா, கனடா மச்சாள் அனுப்பிய உடுப்பு வந்ததா, சுவருக்கு எந்த நிறம்? பிறந்தநாள் பாலனுக்குத்தான் வீட்டில் இடமில்லை என்று போதகர் பிரசங்கித்தபோது, சபையில் எல்லோரும் பக்கத்து வாங்கிலில் இருந்தவர்களைப் பார்த்தார்கள். நான் மட்டும் என்னை நினைத்துக்கொண்டேன். அந்தப் பெருமை எனக்கு ஒரு மாதத்துக்குப் போதுமானதாக இருந்தது.

ஆகவே கேக் இல்லை, பலகாரம் இல்லை, அயலுக்குத் தட்டு அனுப்புவதும் இல்லை என்று அறிவித்தேன். பதிலாக வேத வசனம் அச்சடித்த அட்டை.

"நீர் சொல்லுறது சரிதான்" என்றார் கணவர். தேங்காய் துருவும் வேலையிலிருந்து தப்பிய மனிதர் வேறென்ன சொல்வார்? பின்னேர ஜெபத்தை இரண்டு மடங்காக்கினேன். மகன் வேதப்புத்தகத்துக்குள் ஃபோனை வைத்துக் கிரிக்கெட் பார்த்தான். தலை நிமிராமல் இருக்கிறானே என்று நான் மெச்சினேன். அயலுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே ஜெபித்தேன்.

அயல் என்றால் முதலில் மதிலுக்கு அப்பால் உள்ள சைவ வீடு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அங்கிருந்து தட்டு வரும், நத்தாருக்கு இங்கிருந்து போகும். அந்த வீட்டுக்காரர் ஆவணியில் மாரடைப்பில் போய்விட்டார். ஒரு வருடம் கழிந்து ஆட்டத்திவசம் முடியும்வரை அங்கே பலகாரச் சட்டி அடுப்பில் ஏறாது. அயலார் கொடுப்பதுதான் பிள்ளைகளுக்குப் பண்டிகை. இது எங்கள் ஊரில் நண்டு சிண்டுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்த வீட்டுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் என் பக்தி என்னாவது?

நத்தார் ஆராதனை முடிந்து வந்ததும் மகளிடம் அட்டைகளைக் கொடுத்து அனுப்பினேன். பின்னேரம், அவர் மனைவிக்கு ஆறுதல் சொல்லி ஒரு ஜெபமும் செய்துவிட்டு வரலாமென்று நானே போனேன். விறாந்தையில் அவருடைய படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றியிருந்தது. படத்துக்கு முன்னால் ஒரு வாழையிலை. இலையில் என் அட்டை மட்டும் இருந்தது.

நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதை அவள் கண்டுவிட்டாள்.

"அவருக்கு உங்கடை கேக் எண்டால் உயிர், அக்கா. ஒவ்வொரு நத்தாருக்கும் பிள்ளையளுக்கு முன்னம் தான் ஒரு துண்டு எடுத்திடுவார். அவருக்குப் படைக்கலாமெண்டு காலமையே இலை போட்டு வைச்சனான். உங்கடை வீட்டிலையிருந்து வந்தது இதுதானே, அதாலை இதையே வைச்சிட்டன்."

அவள் குரலில் குத்தல் துளியும் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. ஜெபம் செய்யப் போனவள் ஜெபிக்காமலே திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து முட்டை அடித்தேன். பழம் ஊறவில்லை, ஆகவே வெறும் பட்டர் கேக். கணவர் கேட்காமலே சீனியை அளந்து தந்தார். ஜெப நேரம் கடந்து போனது, யாரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. சூட்டோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் முதல் துண்டை வெட்டி இலையில் வைத்தாள். அட்டையை எடுக்கவில்லை, கேக்குக்கு இடம்விட்டு ஓரமாக நகர்த்தினாள். அதைத் திருப்பித் தா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.