வலது கால் அலமாரி

ரௌதா யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பாள். முகமெல்லாம் அப்புறம். ஸ்ஃபாக்ஸ் நகரில் எங்கள் செருப்புக் கடையில் இருபத்திரண்டு வருஷம் நின்றவள். விற்பனைப் பகுதியில் இடது கால் செருப்பை மட்டும்தான் வைப்போம். அதன் வலது கால் ஸ்டோர் ரூமில் இருக்கும். கம்பெனி, பெட்டியிலுள்ள எண் வரிசையில் அடுக்கச் சொன்னது. இவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எந்தத் தாயும் எண்ணைச் சொல்லிக் கேட்பதில்லை, சிவப்பு, வார் வைத்தது, ஐந்து வயசுப் பெண்ணுக்கு என்றுதான் கேட்கிறாள் என்று சொல்லி, தன் இஷ்டப்படி அடுக்கினாள். அந்த அலமாரியில் அவள் கைக்கு மட்டும்தான் எதுவும் அகப்படும்.

கம்பெனி தள்ளாடுவது எங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் நோன்பு மாதத்தில், அதுவும் பெருநாள் வியாபாரத்துக்கு முன்னால் கை வைப்பார்கள் என்று நினைக்கவில்லை. பத்தாம் நோன்பன்று மதியம் எல்லோருடைய போனும் ஒன்றாக ஒலித்தது. ஒன்பது பேரில் ரௌதா உட்பட ஏழு பேர் மறுநாள் முதல் வர வேண்டாமாம். என்னை விட்டுவைத்தார்கள். திறமையைப் பார்த்து அல்ல. கடைசியாகச் சேர்ந்த எனக்குத்தான் சம்பளம் குறைவு.

ரௌதா அழவில்லை. சீருடையோடேயே வீட்டுக்குக் கிளம்பினாள்.

"கூட்டம் வரட்டும் நஜ்வா. அந்த ரூமுக்குள்ள போய் முழிப்பாங்க. அப்ப என்னைக் கூப்பிட்டுத்தான் ஆகணும்."

அன்றிலிருந்து போனைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லையாம். மாவு பிசையும்போதுகூடப் பக்கத்திலேயே இருக்குமாம். சீருடையைத் துவைத்துத் தேய்த்துக் கதவுக்குப் பின்னால் மாட்டிவைத்திருந்தாள். இதையெல்லாம் அவள் தங்கை ஹயாத் பிறகு என்னிடம் சொன்னாள்.

கூட்டம் வந்தது. நானும் பத்து நாள் கூலிக்கு வந்த இரண்டு பெண்களும் ஸ்டோர் ரூமில் பெட்டி பெட்டியாகக் கவிழ்த்தோம். மேலாளர் முனீர், ரௌதாவிடம் கேட்கச் சொல்லி என்னை ஏவினார். அவருக்குத் தானே பேச வாய் வராது. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"வரச் சொன்னாரா?"

இல்லையக்கா, நீலச் செருப்பின் வலது கால் எங்கே என்றுதான் கேட்கிறார் என்றேன். வந்தால் எடுத்துத் தருகிறேன் என்று வைத்துவிட்டாள். மறுநாளும் அதே பதில். ஹயாத் அவளைத் தட்டிக்கொடுத்தாளாம், நன்றாகத் தவிக்கட்டும் என்று. எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். இன்னும் இரண்டு நாள் அவள் பிடிவாதமாக இருந்திருந்தால் முனீர் இறங்கி வந்திருப்பார். இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறேன்.

பெருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது மறுபடி கூப்பிட்டேன். அப்போது கடையில் ஒரு பையன் வீறிட்டு அழுதுகொண்டிருந்தான்.

"யாரு அழறது?"

"உங்க தெரு இல்யாஸ். ஒரு கால்ல செருப்பு மாட்டியாச்சு. இன்னொண்ணு கிடைக்கல. கழட்ட மாட்டேங்கிறான்."

எந்தச் செருப்பு, என்ன நிறம் என்று கேட்டாள். பிறகு, "பேனா இருக்கா? எழுதிக்க" என்றாள்.

அவனுடையதை மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். பெருநாளைக்கு எந்தப் பிள்ளையும் பழைய செருப்போடு நிற்கக் கூடாதென்று, நிறம், வயசு, வரிசை எல்லாம் சொன்னாள். ஓர் அட்டைப்பெட்டி மூடி நிறைய எழுதினேன். என் கையால்தான் எழுதினேன். முனீர் அதைச் சுவரில் ஒட்டினார். அதன் பிறகு அவளைக் கூப்பிட யாருக்கும் தேவை வரவில்லை.

பெருநாள் காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. கோடையோடு எங்கள் கிளையை மூடுகிறார்கள் என்று முந்தின நாள்தான் எனக்குச் செய்தி வந்திருந்தது.

எங்கள் ஊர்ப் பெருநாள் வழக்கப்படி உப்பு மீனும் உலர்திராட்சைக் குழம்பும் வைத்தாள். சீருடை கதவுக்குப் பின்னால் அப்படியேதான் இருந்தது. தெருப் பிள்ளைகள் வாழ்த்துச் சொல்ல வந்தார்கள். இல்யாஸும் வந்தான். அவனை உட்காரவைத்துச் செருப்பின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"ஒரு சைஸ் பெருசு. பரவால்ல, வளர்ற கால்தான்."

அவன் கை நிறைய இனிப்போடு ஓடிய பிறகு என் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மழைக்கால பூட்ஸ் எங்க இருக்குன்னு மட்டும் உங்கிட்ட சொல்லல. மழை வந்தா கூப்பிடுவாங்கல்ல?"

தட்டைப் பார்த்துக்கொண்டு, "கூப்பிடுவாங்கக்கா" என்றேன்.