அத்தானின் முறை

இது கட்டிவிட்ட கதை இல்லை. இது நடந்த வீட்டில் அந்தக் கம்ப்யூட்டர் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அணைக்கத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை.

குடும்பத்தில் அவனுக்கு ‘டாக்டர்’ என்று பெயர். அவனே வைத்துக்கொண்டது. படித்தது கம்ப்யூட்டர், அதையும் பாதியில் விட்டான். யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “கேஷை அழிச்சா சரியாயிடும்” என்பான். பிரௌசர் சேர்த்துவைக்கும் பழைய குப்பைக்குத்தான் அந்தப் பெயர். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அதே மருந்துதான்.

அன்று மாலை நாலு மணிக்கு அக்கா வீட்டுக்கு வைத்தியம் பார்க்கப் போனான். அத்தான் தவறி ஆறு மாதம் ஆகியிருந்தது. கம்ப்யூட்டர் ஆமையாக ஊர்கிறது என்று அக்கா போனில் சொல்லியிருந்தாள்.

“எதை வேணா துடை. அந்தச் செஸ் பக்கத்தை மட்டும் தொடாதே.”

“எனக்கே சொல்றியாக்கா?”

அது அக்காவும் அத்தானும் ஆடிய ஆட்டம். காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவர் ஒரு காய் நகர்த்துவார். மாலையில் அவள் ஒன்று நகர்த்துவாள். அவர் முறை வந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வரவில்லை. ஆட்டம் அப்படியே நின்றுபோனது.

அக்கா டீ போட உள்ளே போனாள். அரைகுறை வைத்தியம் டாக்டருக்கு ஆகாது. பிரௌசரில் அழிக்கும் பக்கத்தைத் திறந்து, எதுவரை என்ற இடத்தில் ‘எல்லாக் காலமும்’ என்பதைத் தேர்ந்தெடுத்தான். கண்ணில் பட்ட கட்டத்திலெல்லாம் டிக் அடித்தான். அழுத்தினான்.

அப்புறம்தான் நினைவு வந்தது. அந்த ஆட்டம் வேறெங்கும் சேமிக்கப்பட்டதில்லை. இந்த பிரௌசருக்குள் மட்டும்தான் இருந்தது.

பக்கத்தைத் திறந்தான். காய்கள் புத்தம் புதிதாக வரிசைகட்டி நின்றன. அடுப்படியில் டம்ளர் சத்தம்... அக்கா வந்துவிடுவாள்.

டக்.

ஸ்பீக்கரில்தான். காய்கள் பழைய இடங்களில் நின்றன. “அப்பாடா” என்று சாய்ந்தான்.

டக்.

அத்தானுடைய கறுப்புக் குதிரை ஒன்று தாவியது. அவன் கை மௌஸில் இல்லை.

நெட் ஒயரைப் பிடுங்கினான். மறுபடி அழித்தான். மறுபடி திறந்தான்.

டக்... டக்...

அதே ஆட்டம். அதே குதிரை.

பின்னால் அக்கா நின்றிருந்தாள். டீ டம்ளரை மேஜைமேல் வைத்தாள்.

“என்னடா பண்ணினே?”

“கேஷ்...”

“இத்தனை நாள் அவர் முறையா இருந்துச்சு. நிம்மதியா இருந்தேன். இப்ப என் முறை.”

“ஆடாதேக்கா.”

“பாதியில விட்டா அவருக்குக் கோபம் வரும்.”

மௌஸைப் பிடித்தாள். ஒரு சிப்பாயை நகர்த்தினாள்.

மறுநாள் காலை பதில் வந்திருந்தது. அதற்கடுத்த நாளும்.

டாக்டர் இப்போது யாருக்கும் மருந்து சொல்வதில்லை. தினமும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து செஸ் கற்றுக்கொள்கிறான். ‘சும்மா விளையாட்டுதானே’ என்று தன்னையே தேற்றிக்கொள்வான். போன வாரம்தான் அவனுக்குக் கேட்கத் தோன்றியது.

“ஏதாவது பந்தயம் கட்டினீங்களாக்கா?”

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“காசா பணமா... ஜெயிச்சவங்க கூப்பிடுற இடத்துக்குத் தோத்தவங்க மறுபேச்சு இல்லாம வரணும். அவ்வளவுதான்.”

அக்காவிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும் மிச்சம்.

டக்.